இனக்கவர்ச்சி என்றால் எந்த இனம்?

1

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நகைக்கடன் வட்டி கட்ட வந்தவர்களின் வரிசை பேங்க் வாசலைத் தாண்டி நிற்கிறது. அக்கா போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள்.

"தம்பி, சாயந்தரம் வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்துடு. இவன் பையில ஒரு லெட்டர் இருந்திச்சி. நீதான் ரெண்டு போடணும். மாமாவுக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவாரு."

'இவன்' என்பது அக்கா மகன். பதினாலு வயசு, ஒன்பதாம் வகுப்பு. போனேன். லெட்டர் என்று அக்கா சொன்னது நோட்டில் கிழித்த அரைப்பக்கம். 'ரெண்டு நாளா நீ வரல. காய்ச்சலா? சயின்ஸ் நோட்ஸ் உனக்கும் சேத்து எழுதி வெச்சிருக்கேன். வேணும்னா தரேன்.' இவ்வளவுதான். மேலே பெயர் இல்லை, கீழே கையெழுத்து இல்லை. ஒரு மூலையில் பேனாவால் போட்ட ஒரு பூ. அதையும் அவன் கொடுத்திருக்கவில்லை. பைக்குள்ளேயே கிடந்து மடிப்பு நைந்துபோயிருந்தது.

ஓங்கி ஒரு அறை விட்டேன். "படிக்கிற வயசுல இன்னாடா இது? வயசுக்கோளாறா?" என்று கத்தினேன். அடுத்து என் வாயில் வந்தது இது:

"அவ எந்தத் தெரு?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "ஊர்ப்பக்கம் மாமா."

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுப்போனது. இன்னொரு அறை விடக் கை தானாக ஓங்கியது. அக்கா வந்து நடுவில் நின்றுகொண்டாள்.

தோழர்களே, நான் அந்தப் பெண்ணின் பேரைக் கேட்கவில்லை. அவளுக்கு இவனைத் தெரியுமா என்று கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. தெருவைக் கேட்டேன். இந்தப் பக்கங்களில் உடலின் விடுதலை பற்றிக் கவிதை எழுதுகிறவன் நான். ஏப்ரல் 14 என்றால் மேடையேறி, மைக்கைப் பிடித்து, அகமணமுறையை உடைத்தெறிவோம் என்று தொண்டை கிழியப் பேசுகிறவன். வீட்டுக்குள் போனதும் ஊர் நாட்டாமை கேட்கிற கேள்வியை அவனைவிட வேகமாகக் கேட்டேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு அறையைப் பற்றியது.

2

2002. நானும் அப்போது ஒன்பதாம் வகுப்புதான். பள்ளிக்கூடம் ஊரில் இருந்தது. காலனியிலிருந்து ஏரிக்கரைமேல் நடந்து போவோம். முன் பெஞ்சில் ஒரு பெண். இங்க் பேனாவில் எழுதுவாள். அது ஒழுகும். எப்போதும் அவள் ஆள்காட்டி விரல் நுனியில் நீல மை. நான் எழுதிய முதல் கவிதை அந்த நீல விரலைப் பற்றியது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, புத்தி கெட்டுப்போய் அவள் பேரையும் மேலே எழுதியிருந்தேன். நோட்டுத் திருத்தும்போது வாத்தியார் பார்த்துவிட்டார்.

தலைமையாசிரியர் அறைக்கு நைனாவை வரச்சொன்னார்கள். செங்கல் சூளையிலிருந்து அப்படியே வந்தார். எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"உம் புள்ளைக்கு வயசுக்கோளாறு. இனக்கவர்ச்சின்னு சொல்லுவோம். எல்லாப் பசங்களுக்கும் வர்றதுதான். ஆனா உங்க பசங்களுக்கு வந்தா ஊரு தாங்காது. புரியுதா?"

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "புரியுதுங்க ஐயா." திரும்பி வருகிற வழியில், ஏரிக்கரையில், வேலமரக் கிளையை ஒடித்து என்னை அடித்தார். அடித்து முடித்துவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். அன்று ராத்திரியே ஆயா ஊருக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அரசு ஹாஸ்டல்.

இந்தக் கதையை இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது சொல்வேன். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். என் கதையில் எப்போதும் நான்தான் அடிபட்டவன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்: அவளைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பவில்லை. 'நோட்டுல பேரு வந்துடுச்சி' என்று நிறுத்திவிட்டார்கள். பதினேழு முடிவதற்குள் சொந்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் எதையும் எழுதவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. என் முகம் அவளுக்கு அடையாளம் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. எழுதினவன் நான். படிப்பு போனது அவளுக்கு.

'எல்லாப் பசங்களுக்கும் வர்றதுதான். ஆனா உங்க பசங்களுக்கு வந்தா ஊரு தாங்காது.' அந்தத் தலைமையாசிரியர் தன்னை அறியாமல் ஒரு முழுச் சமூகவியலை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

3

எல்லாருக்கும் வருவதுதான். இது நூற்றுக்கு நூறு உண்மை.

1992இல் ஜான்கோவியாக், ஃபிஷர் என்ற இரண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள், உலகத்தின் 166 சமூகங்களைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட குறிப்புகளைச் சலித்துப் பார்த்தார்கள். 147 சமூகங்களில் காதல் மயக்கத்துக்குச் சான்று கிடைத்தது. மிச்சத்திலும் காதல் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. எழுதப்போனவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றே கருதினார்கள். காதல் என்பது ஐரோப்பியச் சீமான்கள் கண்டுபிடித்த சரக்கு என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது.

வயசு? ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினாலு நிரம்பவில்லை. இத்தாலியக் கவிஞன் தாந்தே, தான் பியாட்ரிஸை முதலில் பார்த்தது ஒன்பது வயசில் என்று எழுதிவைத்திருக்கிறான். இவர்களையெல்லாம் நம் கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். ரோமியோவுக்காகக் குரல் தழுதழுக்கிற பேராசிரியர், மணி அடித்ததும் மரத்தடியில் பேசிக்கொண்டு நிற்கிற பையனையும் பெண்ணையும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி விரட்டுவார்.

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்பிள்ளைகள் பையன்களுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். மார்ச் 14 அன்று பையன்கள் திருப்பித் தரவேண்டும். இதில் சாக்லேட் கம்பெனிக்காரன் லாபம் இருக்கிறது. இருக்கட்டும். பள்ளி முடியும் நாளில் பிடித்த பையனிடம் போய் அவன் சீருடையின் இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. ஏன் இரண்டாவது? நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்கிறார்கள்.

நெதர்லாந்தில் ஆரம்பப் பள்ளிகளில் வசந்த காலத்தில் ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். அதன் பெயரையே 'வசந்தக் குறுகுறுப்பு' என்று தமிழாக்கலாம். நாலு வயசுக் குழந்தைகளிலிருந்து தொடங்கி அந்தந்த வயசுக்கு ஏற்றபடி உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஒருத்தரைப் பிடித்திருந்தால் உள்ளே எப்படி இருக்கும்? அவருக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வாய்? 'வேணாம்' என்பதை எப்படிச் சொல்வாய், சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாய்? அங்கேயும் இதை எதிர்த்துக் கூச்சல் போடுகிறவர்கள் உண்டு. ஆனாலும் பேசுகிறார்கள்.

வெளிநாடு எதற்கு? பஸ்தார் காட்டில் முரியா கோண்டுகளின் 'கோட்டுல்' பற்றி 1947இல் வெரியர் எல்வின் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கல்யாணமாகாத பிள்ளைகள் ராத்திரியில் கூடி ஆடிப் பாடிப் பேசித் தூங்குகிற வீடு அது. குல விதிகள் அங்கும் உண்டு. கோட்டுலில் பழகியவரையேதான் கட்டிக்கொள்வார்கள் என்றும் இல்லை. பழங்குடிகளைச் சொர்க்கவாசிகளாக்கிக் காட்டுகிற மயக்கம் எனக்கு இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வருகிற ஈர்ப்புக்கு ஒரு வீடே கட்டிக்கொடுத்த சமூகம் இதே நாட்டில் இருந்தது. நாம் கட்டிக்கொடுத்தது தலைமையாசிரியர் அறை.

ஆக, ஈர்ப்பு எங்கும் ஒன்றுதான். ஈர்ப்பு வந்த பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு சமூகம் தன் முகத்தைக் காட்டுகிறது.

4

இப்போது இரண்டாவது வாக்கியம். 'ஆனா உங்க பசங்களுக்கு வந்தா...'

டிவியில் வருகிற மனநல ஆலோசகர்கள் ரொம்பப் பக்குவமாகச் சொல்கிறார்கள்: இது காதல் இல்லை, வெறும் இனக்கவர்ச்சி. இந்தச் சொல்லில் 'இனம்' என்பது ஆண், பெண் என்ற பாலைக் குறிக்கிறது. அகராதிப்படி சரி. ஆனால் ஊர்க்காரன் காதில் 'இனம்' என்பது அப்படியா விழுகிறது? இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. அங்கே இனக்கவர்ச்சி என்றால் தன் இனத்தின்மேல் மட்டும் வரவேண்டிய கவர்ச்சி. அத்தை மகளைப் பார்த்துப் பதினாலு வயசுப் பையன் வழிந்தால் வீடே சேர்ந்து சிரிக்கும். 'மாப்ள இப்பவே ரூட்டு போடுறான்' என்று சித்தப்பா கிண்டலடிப்பார். அதே பையன், அதே வயசு, அதே வழிசல். ஓடையைத் தாண்டிப் பார்த்துவிட்டால் அது கோளாறு. அப்படியானால் கோளாறு எதில்? வயசிலா, ஓடையிலா?

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தபோது அம்பேத்கருக்கு 25 வயசு. என்னைவிடச் சின்னவர். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அங்கே சொன்னார். அந்த உயிரைக் காப்பாற்றிவைக்கத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமி மணம் என்ற மூன்று வழக்கங்கள் என்றும் காட்டினார். இந்த மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் சிறுமி? பருவம் வருவதற்கு முன்பே முடிச்சுப் போட ஏன் அவ்வளவு அவசரம்? பருவம் வந்தால் கண் வரும். கண் வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. சாதிக்குக் கல்யாணத்தைப் பற்றிய பயம் பிற்பாடுதான். அதன் முதல் பயம் பதிமூணு வயசுக் கண்.

சட்டம் வந்து சிறுமி மணம் குறைந்தது. காவல் வேலை குறைந்ததா? அண்ணன்காரன், வாட்ஸப் குரூப், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிற சங்கத்துப் பையன்கள், 'வயசுக்கோளாறு' என்கிற ஒரு சொல். தாலிக் கயிறு செய்த வேலையை இப்போது இவர்கள் செய்கிறார்கள்.

நம் மரபு அப்படியில்லை, சங்க காலத்தில் களவு இருந்தது என்று தமிழய்யாக்கள் சண்டைக்கு வருவார்கள். தொல்காப்பியத்தின் அகத்திணையியலைப் பிரித்துப் பாருங்கள் ஐயா. அன்பின் ஐந்திணை தலைவனுக்கும் தலைவிக்கும். அடியோருக்கும் வினைவலருக்கும், அதாவது அடிமைக்கும் ஏவல் வேலை செய்கிறவனுக்கும், அந்த ஐந்துக்கும் வெளியே இடம். ஒருதலைக் காமமான கைக்கிளையும் பொருந்தாக் காமமான பெருந்திணையும் அவர்களுக்கு என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். குறிஞ்சியும் முல்லையும் அவர்களுக்கு, கைக்கிளை நமக்கு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிய கவிதைக்கு எந்தத் திணை என்று எனக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

5

இது ஏதோ நம் நாட்டு நோய் மட்டும் என்றும் நினைக்கவேண்டாம். மனுசனை மேல் கீழ் என்று அடுக்கிவைத்த இடத்திலெல்லாம் இந்தக் காவல் இதே வயசில்தான் நிற்கிறது.

1955 ஆகஸ்ட். சிகாகோவில் வளர்ந்த எம்மெட் டில் என்ற 14 வயசுக் கறுப்புப் பையன், மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்ற சிற்றூருக்கு உறவினர் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான். மிட்டாய் வாங்கக் கடைக்குப் போகிறான். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். விசிலடித்தான் என்றார்கள், ஏதோ பேசினான் என்றார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதில் இன்றுவரை சச்சரவு. நாலு நாள் கழித்து ராத்திரியில் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பஞ்சாலை இயந்திரத்தின் இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டிய அவன் உடல் டாலஹாட்சி ஆற்றில் கிடைத்தது. தாய் மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று திறந்தே வைத்தாள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரம் சொச்சத்தில் கொலைகாரர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். ஜாதிக் கும்பல் கொலையைப் போன்ற அந்தக் கொலைகளுக்கு எதிராக அவன் பேரில் அமெரிக்க நாடு சட்டம் போட்டது 2022இல். 67 வருஷம்.

1958. வட கரோலினாவில் மன்றோ என்ற ஊர். விளையாட்டில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி ஒரு கறுப்புச் சிறுவனுக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கூட இருந்தவனையும் சேர்த்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். வயசு 9, 7. தோழர்களே, ஏழு வயசு! சீர்திருத்தப் பள்ளி என்ற சிறைக்கு, 21 வயசுவரைக்கும் என்று தீர்ப்பு. கறுப்பர் இயக்கத் தலைவர் ராபர்ட் வில்லியம்ஸ் விடாமல் குரல் எழுப்பினார். ஐரோப்பாவரை போராட்டம் எட்டியது. மூன்று மாதம் கழித்து விட்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை.

இங்கே வருவோம். 2013இல் நாகராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம் 'ஃபேன்ட்ரி'. கைக்காடி மொழியில் பன்றி என்று அர்த்தம். பன்றி பிடிக்கிற வீட்டுப் பையன் ஜப்யாவுக்குக் கூடப் படிக்கும் மேல்சாதிப் பெண் ஷாலுமேல் ஆசை. கரிச்சான் மாதிரி ஒரு கறுப்புக் குருவியைப் பிடித்து எரித்துச் சாம்பலைத் தூவினால் அவள் மனசு திரும்பும் என்று கவணோடு காட்டில் அலைகிறான். நம் பிள்ளைகளின் கைக்கிளையை இவ்வளவு அருகில் போய்ப் பார்த்த படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கடைசியில் அவனும் குடும்பமும் பன்றி விரட்டுவதை வகுப்பே வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. ஷாலுவும் நிற்கிறாள். அவன் எறிகிற கல் நம் முகத்தை நோக்கி வருகிறது.

அந்தப் படம் தியேட்டருக்கு வந்தது 2014 பிப்ரவரி 14. இரண்டரை மாதம் போனது. அதே மராட்டியத்தில், அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில், கர்டா கிராமத்தில், ஏப்ரல் 28 அன்று 17 வயசுத் தலித் மாணவன் நிதின் ஆகேயை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். ஆதிக்க சாதிப் பெண்ணோடு பேசினான் என்பது குற்றம். 2017 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரும் விடுதலை. சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். மிசிசிப்பிக்கும் கர்டாவுக்கும் நடுவே ஒரு கடலும் அறுபது வருஷமும் இருக்கிறது. தீர்ப்பில் வித்தியாசம் தெரிகிறதா?

6

தமிழ்நாட்டுக்காரன் இதைப் படித்துவிட்டு, 'பெரியார் மண்ணய்யா இது' என்பான். பார்ப்போம்.

2012 நவம்பர் 7. ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கிட்டு தருமபுரி பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகளைக் கொளுத்தினார்கள். அதே காலத்தில் ஒரு சாதிக் கட்சித் தலைவர், ஜீன்ஸ் பேண்டும் டீ ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 'நாடகக் காதல்' என்று ஒரு சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. அவர்கள் பிள்ளைக்கு வந்தால் பருவம். நம் பிள்ளைக்கு வந்தால் நாடகம், சதி, திட்டம். பதினாலு வயசுப் பையனுக்குத் திட்டமாம்! அவனால் ஒரு அரைப்பக்கக் கடிதத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கமுடியவில்லை.

தருமபுரி எரிந்து ஏழாவது நாள், நவம்பர் 14, போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் வேண்டும். நம் சேரிப் பெண்பிள்ளைகளைச் சீரழிக்கிறவனை உள்ளே தள்ள அது வேண்டும். ஆனால் அதே சட்டத்தை, மகள் ஓடிப்போனதும் பையன்மேல் எறிகிற கல்லாகவும் பெற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பதினெட்டு ஆகாத பெண்ணின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே இல்லை. பையன் சேரிப் பையனாக இருந்தால் கல் இன்னும் வேகமாக வரும். 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், விடலைப் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தது. 2022 டிசம்பரில் இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று காவல்துறைத் தலைவரே சுற்றறிக்கை விட்டார். ஏன் விடவேண்டி வந்தது என்று யோசியுங்கள்.

தெற்குச் சீமையில் பள்ளிப் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். அந்தக் கயிறுகளைத் தடைசெய் என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு எதற்கு? ஒருத்தர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பார்க்கவேண்டும், அதற்கு. கண்ணுக்கே கட்டின கயிறு அது.

நம் சினிமாவைக் கேட்கவே வேண்டாம். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை'. பையன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றி எறிந்ததும் தியேட்டரில் கைத்தட்டல். கழற்றி எறியக் கழுத்தில் ஏதாவது இருப்பவர்களுக்குத்தான் அந்தப் புரட்சி. பிறப்பையே கழுத்தில் மாட்டிவிட்டவன் எதைக் கழற்றுவான்? 2018இல் '96'. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துக் காதலை நினைத்து தமிழ்நாடே உருகியது. நானும் உருகினேன், பொய் சொல்லவில்லை. ராம் எந்தத் தெரு என்று படம் சொல்லாது. சொல்லியிருந்தால் இருபது வருஷம் கழித்துச் சந்திக்க அவன் உயிரோடு இருந்திருப்பானா என்ற கேள்வி வந்துவிடும்.

7

அவர்களைத் திட்டி முடித்தாயிற்று. இனி நம்மைப் பார்ப்போம். இது பிடிக்காத தோழர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் 'யாரையும் ஏறெடுத்துப் பாக்காத, படி' என்கிறோம். பயத்தில் சொல்கிறோம். என் நைனா வேலங்கிளையை ஒடித்தது பயத்தில். நான் கையை ஓங்கியதும் பயத்தில். ஆனால் அந்த அடி விழுந்ததும் ஓடை இன்னும் கொஞ்சம் ஆழமாகிறது. ஊர்க்காரன் நம் தெருவில் காவலுக்கு ஆள் வைக்கவே தேவையில்லை. சம்பளம் வாங்காமல் நாமே அந்த வேலையைச் செய்கிறோம்.

இன்னொரு பக்கம் நம் இளைஞர்களிலேயே சிலர், 'அவங்க பொண்ணத் தூக்கணும்டா, அப்பதான் தெரியும்' என்கிறார்கள். இதைக் கலகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவன் தன் பெண்ணைத் தன் நிலம் என்கிறான், நீ அந்த நிலத்தில் வரப்பை வெட்டப் போகிறேன் என்கிறாய். இரண்டு பேருக்குமே அவள் நிலம்தான். ஒருதலையாகப் பிடித்துப்போனதால் ஒருத்திமேல் உரிமை வந்துவிடாது. பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை வெட்டுகிறவன் எந்தச் சாதியாக இருந்தாலும் அவன் பெயர் கொலைகாரன்.

நம் பெண்பிள்ளைகளைப் பற்றி யார் எழுதினோம்? பதிமூணு வயசில் அவளுக்கும் ஒருத்தனைப் பிடிக்கும். அவளுக்கும் நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கும். ஊர்ப் பையன் அவள் பின்னால் வந்தால் ஊர் அதற்கு இனக்கவர்ச்சி என்றுகூடப் பேர் வைப்பதில்லை. 'சேரிப் பொண்ணுதானே' என்கிறது. நம் வீட்டிலோ அவளுக்குத்தான் முதல் அடி. பறையர் தெருப் பெண்ணை ஒரு சக்கிலியப் பையன் பார்த்தால் நம் தெருவில் என்ன நடக்கிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். என் தெருவில் நடந்தது. அப்போது கேட்டதும் இதே கேள்விதான்: எந்தத் தெரு?

கற்பி, ஒன்றுசேர், போராடு என்கிறோம். ஒன்றுசேர் என்பதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற அர்த்தம் நம்மிடம் இருப்பதைவிடப் பெரியதாக இருக்கலாம். நெதர்லாந்துக்காரன் வருஷத்தில் ஒரு வாரம் ஒதுக்குகிறான். நம் இரவுப் பாடசாலையில், நம் மாணவர் முகாமில், ஒரு சாயந்தரமாவது இதைப் பேச ஒதுக்கியிருக்கிறோமா? பிடித்திருந்தால் எப்படி நடந்துகொள்வது, 'வேணாம்' என்றால் எப்படி விலகுவது, உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் ஓடுவது? இதை நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் சினிமா ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்கும், அரிவாள் ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்கும்.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். லெட்டரை அக்கா அடுப்பில் போட்டிருந்தாள். பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போய் ஆளுக்கொரு பஜ்ஜி வாங்கினேன். "மாமா அடிச்சது தப்புடா" என்றேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நோட்ஸ் எழுதி வெச்சிருந்தா குடு. எல்லாரும் இருக்கும்போது குடு. வேணாம்னா விட்டுடு, பின்னாடி போகாத. நோட்டுல யார் பேரையும் எழுதாத." கடைசியாக இதையும் சொன்னேன்: "தனியா ஏரிக்கரைமேல வராத. பசங்களோட சேந்து வா."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. 2002இல் நைனாவிடம் இருந்த பயம் இன்றும் என்னிடம் அப்படியே இருக்கிறது. பேங்க் வேலை கிடைத்தும் போகவில்லை, கவிதை எழுதியும் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே வாயைத் திறந்தான். "அது வந்துடுச்சி மாமா. காய்ச்சல்லாம் சரியாயிடுச்சி. நோட்ஸு வேற யார்கிட்டயோ வாங்கிக்கிச்சி."

சொல்லிவிட்டு மிச்சப் பஜ்ஜியைத் தின்னாமல் வைத்துவிட்டான். முகம் வாடிப்போயிருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அடிக்கவில்லை, யாரும் படிப்பை விடவில்லை, தெரு எரியவில்லை. பதினாலு வயசில் உலகத்தின் எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற சாதாரண ஏமாற்றம். நாலு நாளில் ஆறிவிடும்.

எம்மெட்டுக்கும் நிதினுக்கும் அது கிடைக்கவில்லை. அந்த நீல விரல் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நான் கேட்பது பெரிய காவியக் காதலையல்ல தோழர்களே. இந்த ஏமாற்றத்தைத்தான் கேட்கிறேன்.